நாலாவது சிலிண்டர்

குலநாயகி அக்காவின் மசி முப்பத்தைந்துக்கு
மூன்று சிலிண்டர்.
மூன்றும் புகைத்தன. நடுவில் உள்ளது
எண்ணெயையும் குடித்துப் புகைத்தது.
"ரிங் மாத்துறதோ, ஸ்லீவ் அடிக்கிறதோ?" என்றேன்.
"பெரிசாப் போடு" என்றா.

கண்டாவளையில் ஒன்பது ஏக்கர் களி.
ஐப்பசி மழைக்குப் பிறகு இறங்கினால்
சில்லைத் தின்னும் மண்.
போன காலபோகத்தில் கூலிக்கு உழ வந்தவன்
பாதி வயலில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு
வேறு ஆளின் காணிக்குப் போய்விட்டான்.
அந்தக் கோபம்தான் இப்போது
எஞ்சின் கேட்டது.

விசுவமடு இரும்புக் குவியலில் கிடந்தது:
லொறி எஞ்சின், நாலு சிலிண்டர், மேல்மூடி இல்லை.
இலக்கத்தை யாரோ உளியால் கொத்தியிருந்தார்கள்,
கடைசி மூன்று எண் தப்பியிருந்தது.
கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கினோம்.

பட்டறையில் கவிழ்த்துச் சம்பைக் கழற்றினேன்.
எண்ணெய் இல்லை.
மணல்.
வெள்ளை மணல், பொடிச் சிப்பியோடு.
விசுவமடு மண் சிவப்பு.
அக்கா குந்தியிருந்து ஒரு பிடி அள்ளி
விரலிடுக்கால் விட்டுக்கொண்டிருந்தா.
எந்தக் கடற்கரை என்று
நானும் கேட்கவில்லை அவவும் சொல்லவில்லை.
டீசல் ஊற்றிக் கழுவினேன்.
நாலு தரம் கழுவி, ஐந்தாம் தரத்திலும்
ஒரு சிப்பி வந்தது.

லொறியில் எஞ்சின் ஒரு பிரயாணி.
சட்டத்தின் மேல் ரப்பர் போட்டு உட்கார்ந்து வரும்.
ரக்டருக்குச் சட்டம் கிடையாது,
எஞ்சின்தான் முதுகு,
முன் அச்சு அதில்தான் தொங்கும்.
பிரயாணியை முதுகாக்க
மூன்று கிழமை பிடித்தது எனக்கு.
பழைய பெட்டியொன்றின் சனல் இரும்பை
இரண்டு பக்கமும் விலாவாய்க் கொடுத்தேன்.

அந்தோனிமுத்துவின் லேத்தில்
ஓர் அங்குலத் தட்டு:
இந்தப் பக்கம் லொறியின் துளைகள்,
அந்தப் பக்கம் மசியின் துளைகள்.
மையம் மயிரளவு பிசகினாலும்
கிளச் தண்டு ஒரு போகம் தாங்காது.
பிசகியது.
கழற்றி, மறுபடி கடைந்தோம்.
அந்தோனிமுத்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை,
தேத்தண்ணி மட்டும் அனுப்பினான்.

பொனற் மூடவில்லை.
மூன்றுக்கு அடித்த தகரம் அது.
நாலாவது,
ரேடியேற்றரை ஒரு சாண் முன்னே தள்ளிக்கொண்டு
வெளியே நின்றது.
"மழை படுமே அக்கா."
உரப்பை ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து
சணல் கயிற்றால் கட்டினா.

முதல் நாள் இரண்டாம் கியரில்
முன்சில்லு இரண்டும் தரையை விட்டன.
இருக்கையில் மல்லாந்தபடி அக்கா ஏதோ கத்த
நான் வரம்பால் விழுந்தடித்து ஓடினேன்.
கிட்டப் போனால், சிரிக்கிறா.

மூன்றாம் நாள்
சிரிப்பில்லை. பின்னால் ஒரு 'டக்'.
கிறவுண்வீலில் இரண்டு பல் போயிருந்தது.
முப்பத்தைந்து குதிரைக்கு வார்த்த பல்,
அறுபதைக் கடிக்கச் சொன்னால்?

பல்சில்லு மாற்றினேன்.
பம்பின் நெம்புக்கு எதிரே ஒரு போல்ற் வைத்து
அரைவாசிக்கு மேல் போகாமல் இறுக்கினேன்.
"இவ்வளவு காசு கொட்டி அரைவாசி ஓடவோ?"
"பின்பக்கம் பழசு அக்கா."
அவ போல்ற்றைப் பார்த்தா, என்னைப் பார்க்கவில்லை.

கிளிநொச்சிக் கந்தோரில் படிவம் நிரப்பினோம்.
எஞ்சின் இலக்கத்துக்குப் பத்துக் கட்டம்,
எங்களிடம் மூன்று எண்.
"மிச்சம்?" என்றார் கிளாக்கர்.
"கொத்திப்போட்டாங்கள்."
"இதுக்கு முதல் ஆரிட்ட இருந்தது?"
"மணலுக்குள்ள" என்றா அக்கா.
அவர் பேனையை மூடினார், திறந்தார்,
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.
படிவம் இன்னும் அங்கேதான்.

வயலில் நல்ல பிள்ளையாய் உழுகிறது.
ஆனால் பொழுதுபட்டபின்
முரசுமோட்டைப் பக்கம் வெறும் வீதியில்
ஒரு சத்தம் போகும்,
அரைவாசிக்கு மேல், நிச்சயமாய் மேல்.
லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்பான் அந்தோனிமுத்து.
என் பெட்டியில்
பதின்மூன்றாம் இலக்கச் சாவியைக் காணோம்,
பத்து நாளாய்.